பதினேழாம் பிரிவும் படிக்கட்டுப் பெஞ்சும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களின் சமூகத்திற்கு,

வணக்கம். இங்கு நான் நலம். உங்கள் தங்கையும் நலம். இந்த இரண்டாவது 'நலம்' அவள் மாடிப்படி ஏறாத நேரங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதைத் தொடக்கத்திலேயே பதிவு செய்கிறேன். அங்கு நீங்களும் இல்லத்தாரும் நலமாக இருப்பதாக நம்புகிறேன். திங்கட்கிழமை என் கைபேசிக்கு நீங்கள் அனுப்பிய செய்தியில் உடல்நலக் குறைவு எதுவும் குறிப்பிடப்படாததே இந்த நம்பிக்கைக்கு ஆதாரம்.

மேற்படிச் செய்தி வருமாறு: "மாப்ளே, உங்க மக அனுப்புன ஊசிப் படிவம் வந்துச்சு. கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா? ஒரே வரியில சொல்லுங்க."

ஒரே வரியில் சொல்ல இயலாது என்பதால் இக்கடிதம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரை மணி நேரத் தொலைவில் இருப்பவருக்குக் கடிதம் எதற்கு, தொலைபேசியில் சொன்னால் ஆகாதா என்று கேட்பீர்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் சட்ட வரைவுத் துறையில் இருந்தவன் நான். ஒரு கருத்தை வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு, கேட்டவர் அதை என்னவென்று எடுத்துக்கொண்டார் என்று தெரியாமல் இருப்புக் கொள்ளாது எனக்கு. இதை எழுதத் தொடங்கும் நேரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடம். மதியத்திற்குள் முடித்துவிடுவேன்.

முதலில் உங்கள் கையில் இருக்கும் நாற்பத்தொரு பக்கப் படிவத்தின் பிறப்பு வரலாறு. என் மகளும் அவளுடைய ஆராய்ச்சிக் குழுவும் நான்கு ஆண்டுகளாக உருவாக்கிவரும் தடுப்பூசியை முதன்முதலாக மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்கும் கட்டம் வந்திருக்கிறது. அதற்கு அறுபது வயதைக் கடந்த, உடல்நலமுள்ள அறுபது பேர் தங்கள் விருப்பத்தின் பேரில் முன்வர வேண்டும்; முன்வருகிறவர் ஓர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஊசி போடும் மருத்துவமனை அந்தப் படிவத்தைச் சட்டம் தெரிந்தவர் எவராவது எழுதினால் நல்லது என்றது. என் மகளும், பாவம், ஒரு பலவீனமான கணத்தில், "எங்க அப்பா இருக்காரே" என்று சொல்லிவிட்டாள். ஆசிரியரின் மகள் ஆராய்ச்சிக் குழுவில் இருக்கிறாள் என்ற உறவை மூன்று பக்க உறுதிமொழியில் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுத்தான் நான் பேனாவைத் தொட்டேன் என்பதை அறியவும். இத்தகைய சோதனைகளுக்கு அனுமதி தரும் மருத்துவமனை நெறிமுறைக் குழுவின் ஏழு உறுப்பினர்களும் படிவத்தை ஏகமனதாக ஏற்றார்கள். அவர்களில் எவரும் பன்னிரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை என்பது பின்னால் தெரியவந்தது.

இந்த ஊசி எதற்கு என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தங்கை மூன்று குளிர்காலங்கள் தொடர்ந்து மருத்துவமனையில் படுத்ததை நீங்கள் நேரில் கண்டவர். மூன்று முறையும் அதே சுவாச வைரஸ். ஆனால் மூன்று முறையும் புதுத் திரிபு. ஒவ்வோர் ஆண்டும் நாங்கள் தவறாமல் தடுப்பூசி போட்டுத்தான் இருந்தோம். 'நாங்கள்' என்ற சொல்லைப் பின்னால் விளக்குகிறேன். ஒவ்வொரு முறையும் அந்த ஊசி போன வருட அளவில் தைத்த சட்டையைப் போல ஆகிவிட்டது. போட்டதென்னவோ போட்டதுதான், வந்த ஆளுக்குப் பொருந்தவில்லை. சென்ற குளிர்காலத்தில் பதினோரு நாள் மூக்கில் குழாயோடு கிடந்தாள். அதன் பிறகு முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் உட்காராமல் அவளால் வீடு வந்து சேர முடிவதில்லை. ஆக, எந்தத் திரிபில் வந்தாலும் தடுக்கும் ஓர் ஊசி வேண்டும் என்பது என் வீட்டில் ஆராய்ச்சித் தலைப்பு அல்ல. அது படிக்கட்டு விவகாரம். தயாரித்து வைத்திருக்கும் மருந்துக் குப்பிகளின் காலாவதி நெருங்குவதால், இந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அறுபது பேர் பதிவாகி முதல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். தவறினால் எல்லாவற்றையும் மறுபடி தயாரித்து, மறுபடி அனுமதி வாங்கி, அடுத்த ஆண்டு. எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் ஊசி உங்கள் தங்கையின் கைக்கு வர எத்தனை ஆண்டு ஆகும் என்று கேட்டால் மகள் பதில் சொல்ல மாட்டாள். ஓராண்டு தள்ளிப்போனால் ஒரு குளிர்காலம் கூடுகிறது. அந்தக் கணக்கு மட்டும் எனக்குத் தெரியும்.

இனி விபரீதம். படிவத்தை வாங்கிச் சென்றவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர், கையெழுத்திட்டவர்கள் பதினொருவர். காரணம் நானே. ஊசியால் வரக்கூடிய கைவலி, காய்ச்சல் முதலியவற்றோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பட்டியலில் விடுபட்ட ஒன்றால்தான் வழக்கு வரும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். ஆகவே ஊசி போடும் அறைக்குச் செல்லும் வழியில் வழுக்கி விழுதல், மின்தூக்கி நடுவில் நின்றுவிடுதல், காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரரோடு மனத்தாங்கல் ஏற்படுதல், இடி, தெருநாய், சுவர்க்கடிகாரம் கழன்று தலையில் விழுதல் என்று நூற்றுப் பன்னிரண்டு ஆபத்துகளைத் தனித்தனியே வரிசைப்படுத்தினேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருபத்தெட்டாம் பக்கம் வரை வந்துவிட்டு, படிவத்தை மூடி வைத்து, அங்கிருந்த நர்ஸைக் கேட்டாராம்: "ஏம்மா, இதுல நான் பொழைக்கிற மாதிரி ஏதாவது ஒரு பக்கம் இருக்கா?"

இதைக் கேள்விப்பட்ட அன்று மகள் வீட்டுக்கு வந்து, "அப்பா, நீங்க எழுதினது ஒப்புதல் படிவம் இல்ல. மிரட்டல் கடிதம்" என்றாள். அதன் பிறகு ஒன்பது நாளாக என்னிடம் பேச்சில்லை. சாப்பாட்டு மேசையில் நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, "அம்மா, உன் வீட்டுக்காரர உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பாள். உங்கள் தங்கையும் ஒரு நீதிமன்றச் சேவகரின் முகத்தோடு என் பக்கம் திரும்பி, "உப்பத் தள்ளணுமாம்" என்பாள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். படிவத்தின் பதினேழாம் பிரிவைப் பாருங்கள். 'ஆராய்ச்சிக் குழுவினரின் இரத்த உறவினரோ திருமண வழி உறவினரோ இச்சோதனையில் பங்கேற்கத் தகுதியற்றவர்' என்கிறது அது. நீங்கள் என் மகளுக்குத் தாய்மாமன். ஆகவே உங்களால் கையெழுத்துப் போட முடியாது. நீங்கள் கேட்ட ஒரே வரி இதுதான். கடிதத்தை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் மருத்துவர்கள் வகுத்த சோதனைத் திட்டத்தில் அப்படி ஒரு தடையே கிடையாது என்பதை ஒரு சட்டக்காரன் மறைக்கக் கூடாது. பதினேழாம் பிரிவை நானாகச் சேர்த்தேன். எனக்கு வயது அறுபத்தாறு. உடம்பில் ஒரு குறையும் இல்லை. சோதனைக்குத் தேவையான ஆள் நான்தான் என்று எல்லோரும் என்னையே பார்ப்பார்கள் என்று முன்னமே ஊகித்தேன். ஊசி என்ற பொருளின் முன்னிலையில் எனக்குச் சற்று ஒரு விதமாக இருக்கும். இதனை 'அச்சம்' என்று பொருள் கொள்ளலாகாது. ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுக்கொண்ட 'நாங்கள்' என்று மேலே எழுதினேன் அல்லவா, அதில் உங்கள் தங்கை ஊசி போட்டுக்கொண்டாள். நான் வெளியே அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டேன். இந்தப் பத்தியைப் படித்தவுடன் கிழித்துவிடவும். உங்கள் தங்கைக்கு எக்காரணம் கொண்டும் தெரியக் கூடாது.

மதியம் பன்னிரண்டே முக்கால். படிக்கட்டில் ஏதோ உருளும் சத்தம். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மாலை ஏழு மணி. தாமதத்துக்கு மன்னிக்கவும். நான் இந்தக் குடியிருப்போர் சங்கத்தின் கௌரவச் செயலாளர் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் சைக்கிள் மெக்கானிக்கை, நாங்கள் மாடிக்காரர் என்று அழைப்பவரை, உங்களுக்குத் தெரியாது. முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் படி திரும்பும் இடத்தில் ஒரு மரப் பெஞ்சு இருக்கிறது. அந்தப் பெஞ்சை ஒட்டி, பல நேரம் அதன் மேலேயே, மாடிக்காரர் தம் சைக்கிளை ஏற்றி வைப்பார். 'இவ்விடத்தில் இருசக்கர வாகனம் நிறுத்தக் கூடாது' என்று முதல் அறிவிப்பை ஒட்டினேன். மறுநாள் அந்தச் சைக்கிளுக்கு மூன்றாவது சக்கரம் முளைத்திருந்தது. 'இரு மற்றும் மூன்று சக்கர வாகனங்கள்' என்று திருத்தினேன். இரண்டு சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஒற்றைச் சக்கரத்தோடு சுவரில் சாய்த்து வைத்தார். 'சக்கரம் உடைய எந்த வாகனமும்' என்றேன். எல்லாச் சக்கரங்களும் ஆணியில் தொங்கின, சட்டகம் மட்டும் பெஞ்சில் படுத்திருந்தது. 'வாகனமோ அதன் பாகமோ' என்று நான்காவது அறிவிப்பு. அந்தச் சட்டகத்தின் மேல் ஒரு மெத்தையைக் கட்டி, பூப்போட்ட உறை போட்டு, "இது நாற்காலி சார். நீங்களே உக்காந்து பாருங்க" என்றார். உட்கார்ந்து பார்த்தேன். வருந்தத்தக்க வகையில் சுகமாக இருந்தது.

இப்படியே ஏழு அறிவிப்புகள். நான் பேனாவை மூடுவதற்குள் அவர் ஸ்பானரைத் திறந்துவிடுவார். இன்று மதியம் கேட்ட சத்தம், ஏழாவது அறிவிப்பு தடைசெய்யாத ஏதோ ஒன்று உருண்டு வந்து சேர்ந்த சத்தம். அது என்ன பொருள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் எட்டாவது அறிவிப்பை எழுதிக் கொண்டுபோய், கையில் பசையோடு சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தபோது, கடைக்குப் போய்த் திரும்பிய உங்கள் தங்கை உட்கார இடமில்லாமல் படியிலேயே உட்கார்ந்து, மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மகள் வேலை முடிந்து தோள்பையோடு படியேறி வந்தாள். சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்த எட்டு அறிவிப்புகளையும் கீழிருந்து மேலாகப் படித்தாள். ஒன்பது நாளில் முதல் முறையாகச் சிரித்தாள்.

"அப்பா, இந்த மாடிக்காரர்தான் வைரஸ்."

"மெதுவாப் பேசு. அவதூறு ஆயிடும்."

"நெசமாத்தான் சொல்றேன். போன தடவ எப்படி வந்துச்சோ அதப் பாத்து நீங்க நோட்டீஸ் ஒட்டுறீங்க. அடுத்த தடவ அது சட்டைய மாத்திக்கிட்டு வருது. நீங்க மறுபடி சட்டையப் பாத்து எழுதுறீங்க. உங்களுக்கு ரிட்டயர்மெண்டே கெடையாது."

"அப்ப நீங்க என்ன பண்றீங்களாம்?"

அவள் அம்மாவின் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டாள். "சட்டையப் பாக்காதே, நடையப் பாருன்னு ஒடம்புக்குச் சொல்லித் தர்றோம். அந்த வைரஸ் மேல முள்ளு முள்ளா இருக்கும். முள்ளோட தலை வருஷா வருஷம் மாறும். அடித்தண்டு அதிகமா மாறாது. அத மாத்திக்கிட்டா அதால உள்ள நுழையவே முடியாது. அதனால தண்ட மட்டும் காட்டுறோம்."

"மாறவே மாறாதா?"

"அதிகமா மாறாதுன்னு சொன்னேன்ப்பா."

"வேலை செய்யும்னு உறுதியாச் சொல்ல முடியுமா?"

"முடியாது. முடிஞ்சா சோதனை எதுக்கு?"

இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளில் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த அதிகாரிகளில் ஒருவர்கூட இவ்வளவு நேர்மையாக 'முடியாது' என்று சொன்னதில்லை. உங்கள் தங்கை கைப்பிடியைப் பற்றி எழுந்து, "ரெண்டு பேரும் பேசிட்டீங்கல்ல? இனி உப்ப நீங்களே கேட்டு வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணி. கடிதம் இன்னும் முடியவில்லை. எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. நேற்று மாலை நிலவரம்: பதினொருவர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து சன்னலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன், பேனாவைத் திறக்கிறேன், மூடுகிறேன். சற்றுமுன் கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் மாடிக்காரர். கையில் கிரீஸ் கறை படிந்த என் நாற்பத்தொரு பக்கப் படிவம். அவருக்கு அறுபத்து மூன்று வயது. போன வாரம் மகள்தான் அவருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறாள்.

"சார், முழுசாப் படிச்சேன். ரெண்டு தடவ. அருமையா இருக்கு."

நான் எழுதிய ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை படித்த ஒரே வாசகர் இந்த உலகில் இவர்தான் என்ற உண்மை அப்போது என்னைத் தாக்கியது. உட்காரச் சொன்னேன்.

"ஆனா ஆறாம் பிரிவுல ஒரு ஓட்ட இருக்கு சார். 'உடல்நலமுள்ளவர் என்பவர் கடந்த பத்தாண்டுகளில் தும்மல், இருமல், சளி, தலைவலி, சோர்வு ஆகிய எதற்கும் ஆளாகாதவர்'னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம். துல்லியமா இருக்கணும்ல?"

"இந்தக் கணக்குப்படி செத்தவங்க கூடத் தேற மாட்டாங்க சார். அவங்களும் சாகறதுக்கு முன்னாடி ஒரு தடவ இருமியிருப்பாங்க."

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அதாவது, கையெழுத்திட்ட அந்தப் பதினொருவரும் என் ஆறாம் பிரிவின்படி தகுதியற்றவர்கள். பதிவானவர்களின் உண்மையான எண்ணிக்கை பூச்சியம். சுவரைப் பிடித்துக்கொண்டேன். மாடிக்காரர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"இன்னொண்ணும் கேக்கணும் சார். நாப்பத்தோரு பக்கத்துல இந்த ஊசி எதுக்குன்னு ஒரு எடத்துலயும் போடலியே?"

"காரணம் எழுதினா காரணத்தக் கேள்வி கேப்பாங்க. சட்டத்துல அது வழக்கமில்ல."

"அதான் படிக்கட்டு நோட்டீஸ்லயும் போடலியா?"

"எத?"

"ஏன் வண்டி வைக்கக் கூடாதுன்னு. எட்டு நோட்டீஸ் ஒட்டுனீங்க. ஒண்ணுலயும் ஏன்னு இல்ல. சரி, சார் பொழுதுபோகாம நம்மகூட வெளையாடுறார்னு நானும் வெளையாடுனேன்."

நான் சொன்னேன். சென்ற குளிர்காலத்தையும், பதினோரு நாளையும், அந்தப் பெஞ்சு யாருக்காக என்பதையும். அவர் எழுந்தார். "ஏன் சார், எட்டு நோட்டீஸ் எழுதுன கைக்கு, 'என் வீட்டம்மாவுக்கு மூச்சு வாங்குது'ன்னு ஒரு வரி எழுத வராதா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். பத்து நிமிடத்தில் பெஞ்சு காலி. துடைத்தும் வைத்திருந்தார். அவர் கோபித்துக்கொண்டு போனாரா, வருத்தப்பட்டுக்கொண்டு போனாரா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

மாலை நான்கு மணி. எட்டு அறிவிப்புகளையும் சுரண்டி எடுத்துவிட்டு ஒன்பதாவதை ஒட்டினேன்: 'மூச்சு வாங்குகிறவர் உட்கார இந்தப் பெஞ்சு எப்போதும் காலியாக இருக்க வேண்டும்.' சைக்கிள் இல்லை, சக்கரம் இல்லை, நாற்காலி இல்லை. எது வந்தாலும் இந்த ஒரு வரி தாங்கும். பிறகு அதே பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு, மருத்துவமனைப் படிவத்தை மறுபடி எழுதினேன். ஒரு பக்கம். முதல் வரி: 'ஆண்டுதோறும் உருவம் மாற்றிக்கொண்டு வரும் ஒரு சுவாச வைரஸை, அது எந்த உருவில் வந்தாலும் உடல் அடையாளம் கண்டுகொள்ளுமா என்று அறிய உங்கள் உதவி வேண்டும்.' அடுத்து: இதனால் உங்களுக்கு நன்மை உண்டா என்பது இன்னும் தெரியாது. கை வலிக்கும்; காய்ச்சல் வரலாம்; அரிதாக அதைவிடக் கடுமையாகவும் நேரலாம், அப்போது உங்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டாம். மற்ற விவரங்களை மருத்துவர் உட்கார்ந்து சொல்வார். அவர் எழுதிய நான்கு பக்க இணைப்பும் கையில் தரப்படும். அவ்வளவுதான். ஆறாம் பிரிவும் சுவர்க்கடிகாரமும் போயின. பதினேழாம் பிரிவை அடிக்கும்போது மட்டும் கை சற்றுத் தயங்கியது என்பதை உண்மையின் பொருட்டுக் குறிப்பிடுகிறேன்.

வியாழக்கிழமை மாலை ஆறு மணி. காலையில் நெறிமுறைக் குழு கூடியது. இம்முறை ஏழு பேரும் படிவத்தைக் கடைசி வரை படித்தார்கள். கடைசி வரை என்பது இரண்டு நிமிடம். இரண்டு சொற்களை மாற்றி அனுமதித்தார்கள். பத்து மணியிலிருந்து நர்ஸ் அந்த நூற்று நாற்பத்து மூன்று பேரையும் தொலைபேசியில் அழைத்து, அந்த ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். கணக்கு வாத்தியார், "இத முதல்லயே குடுத்திருக்கலாமேம்மா" என்று சொல்லி, மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாராம். மாடிக்காரர் மதியம் கடையைச் சாத்திவிட்டுப் போய், மருத்துவர் சொன்னதையெல்லாம் கேட்டு, கையெழுத்துப் போட்டு, ஊசியும் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இப்போதைய எண்ணிக்கை ஐம்பத்தெட்டு. மீதிப் பெயர்களில் பலர் மறுத்துவிட்டார்கள், மற்றவர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. மகள் சற்றுமுன் வந்து எதிரே உட்கார்ந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கேட்காமல் உட்கார்ந்திருந்ததுதான் தாங்கவில்லை.

ஆகவே என் இறுதிக் கருத்து வருமாறு. பதினேழாம் பிரிவு நீங்கிவிட்டதால் நீங்கள் கையெழுத்திடச் சட்டத் தடை ஏதும் இல்லை. எனினும், மகளின் வெற்றியிலும் மனைவியின் மூச்சிலும் அக்கறையுள்ளவன் என்ற முறையில், போடுங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வேண்டாம் என்று சொல்ல மனம் இல்லை. எனவே கருத்துக் கூறாமல் ஒதுங்கிக்கொள்கிறேன். அதே காரணத்தால் நானும் போகப்போவதில்லை. பிரிவு போனாலும் அதன் ஆன்மா இருக்கிறதல்லவா? இன்னும் இரண்டு பேர் எங்கிருந்தாவது வருவார்கள். வராவிட்டால் அடுத்த ஆண்டு இருக்கிறது. உங்களிடம் இருக்கும் நாற்பத்தொரு பக்கங்களைச் செல்லாதவையாகக் கருதி, வேறு எதற்கேனும் பயன்படுத்திக்கொள்ளவும்.

உங்கள் குடும்பத்தார் அனைவரும் நீண்ட ஆயுளும் நிறை மூச்சும் பெற்று வாழ வேண்டுகிறேன். பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, இடைப்பட்ட வயதினருக்கு இரண்டில் எது பொருந்துமோ அது.

என்றும் தங்கள் நலம் நாடும்,
தங்கை கணவர்

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை மதியம், உங்கள் தங்கை எழுதுவது):

அண்ணா, இவரால பேனா பிடிக்க முடியல. வலது கையில ஊசி போட்டுக்கிட்டார். எந்தக் கைன்னு நர்ஸ் கேட்டாங்களாம். இவர் கண்ண இறுக்க மூடிக்கிட்டு, வாகா இருந்த கைய நீட்டிட்டார். அதனால பின்குறிப்ப என்னைய எழுதச் சொன்னார். எழுதறதுக்கு முன்னாடி மேல உள்ளது எல்லாத்தையும் படிச்சேன். கிழிக்கச் சொன்ன பத்தியையும் சேத்துத்தான். பதினேழாம் பிரிவு எதுக்குன்னு அத எழுதுன அன்னைக்கே எனக்குத் தெரியும். என் கைப்பைய மூணு வருஷமா எவ்வளவு கெட்டியா பிடிச்சிருந்தார்னா, அதோட வாரே அறுந்துபோச்சு.

இன்னைக்குக் காலையில நடந்தத மட்டும் சொல்றேன். கீழ போயிட்டு நான் ஏறி வர்றேன், இவர் அந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கார். கையில இந்தக் கடிதம், அனுப்பலாமா வேண்டாமான்னு. நான் கைப்பிடியப் பிடிச்சு நின்னேன். மூச்சு வாங்குது. இவர் ஏதோ யோசனையில இருக்கார், என்னப் பாக்கல. "ஏங்க, எந்திரிங்க. நான் உக்காரணும்"னேன். நிமிந்து பாத்தார். தலைக்கு மேல இருந்த நோட்டீஸ ஒரு தடவ படிச்சார். எந்திரிச்சார். கடிதத்த என் கையில குடுத்துட்டு, கீழ இறங்கிப் போனார். வீட்டுச் செருப்போடயே போயிருக்கார். ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்து, "அம்பத்தொம்பது"ன்னு மட்டும் சொன்னார். இப்ப படுத்திருக்கார். காய்ச்சலான்னு மணிக்கு நாலு தடவ தெர்மாமீட்டர் வச்சுப் பாத்து, நேரத்தோட குறிச்சு வச்சிருக்கார். காய்ச்சல் இல்ல.

அண்ணா, எனக்கு அந்த ஊசி போட மாட்டாங்க, நுரையீரல் சரியில்லாதவங்களச் சேக்கறதில்லையாம். அதனால எனக்காக நான் கேக்கல. உன் மருமக நேத்துல இருந்து சாப்பிடல, அதுக்காகக் கேக்கறேன்னு வச்சுக்கோ. இந்தக் கடிதத்தக் கொண்டு வர்றவர்தான் மாடிக்காரர். சைக்கிள்ல மூணாவது சக்கரத்த மறுபடி மாட்டி, பின்னால பூப்போட்ட மெத்தையும் கட்டியிருக்கார். என்னப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போகத்தான் செஞ்சாராம். முதல்ல நீ உக்காரு. சுகமாத்தான் இருக்கும், உங்க மாப்பிள்ளையே எழுதியிருக்கார் பாரு. படிவம் ஒரு பக்கந்தான், வர்ற வழியிலயே படிச்சிடலாம். படிச்சிட்டு வேண்டாம்னு தோணுச்சுன்னா, அப்படியே வீட்டுக்கு வா, காபி போட்டு வைக்கிறேன். மேல ஏழு பக்கம் எழுதியிருக்கற மனுஷன், கடைசியில நீ கேட்ட ஒரே வரிய எழுதச் சொன்னார். இந்தா:

போடுங்கள் மச்சான், நான் போட்டுக்கொண்டேன்.